இடங்கையால் பின்னிய பால்மூடி

புத்தன்சந்தை, திருவனந்தபுரம்.
1937 நவம்பர் 9, செவ்வாய்.

கர்த்தருக்குள் அன்பான மகள் சுசீலாபாய்க்கு அம்மை எழுதுவது. நீயும் மருமகன் சத்தியநேசனும் பிள்ளை லில்லியும் அந்த மலாயாத் தோட்டத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்கணும் என்று இங்கே தினமும் முழங்காலில் நிற்கிறோம். எங்களுக்குச் சுகம். அப்படித்தான் எழுதணும், எழுதிவிட்டேன். அப்பா அச்சுக்கூடத்துக்குப் போகிறார், வருகிறார், எழுத்துக் கோர்த்துக் கோர்த்துக் கண்தான் கொஞ்சம் மங்கல், கண்ணாடி மாற்றச் சொன்னால் கேட்கிறாரில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், உறங்குகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறேன். நேசமணிக்கு என்ன விசுவாசம் பாருங்கள், பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று பெண்கள் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்களாம். விசுவாசமும் இல்லை ஒன்றும் இல்லை மக்களே, அழுகை வரவில்லை, அவ்வளவுதான். காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் வேறு யாரோ காலைக் கிள்ளின மாதிரி இருக்குமே, உன் தங்கச்சி ரத்னா ஜூலையில் நம்மை விட்டுப் போனதிலிருந்து எனக்கு முழு ஆளும் அப்படித்தான் இருக்கிறது.

அப்பாவின் அக்காள் பிச்சம்மாள் மாமி நெய்யாற்றின்கரையிலிருந்து வந்து பத்து நாள் இருந்தாள். வந்த அன்றே பாத்திரம் எல்லாவற்றையும் முற்றத்தில் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்தாள், நான் தேய்த்ததெல்லாம் தேய்ப்பே இல்லை என்றாள், செரி என்று இருந்துவிட்டேன். முன்னே என்றால் விடுவேனா. ஐப்பசித் துலா மழை இந்த வருஷம் ஒருபாடு பெய்து பிலாமரத்துக் கொம்பு ஒடிந்து அடுக்களை மேல் விழுந்து ஓடு ஏழெட்டு போச்சு, அப்பா ஆளைக் கூட்டிவந்து மாற்றினார். கிறிஸ்மஸுக்கு ஒன்றும் செய்யவேண்டாம் என்று நினைத்திருந்தேன், மாமி முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துத் திரித்து டப்பாவில் அடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பாட்டுப் பாடி வருகிற பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்புவாயா என்கிறாள். இனிச் செய்யாமல் முடியாது. நீயும் அங்கே மருமகன் மழையில் சைக்கிளில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொள், தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் ஆருக்கும் கொடுக்காதே, இதை நான் எத்தனை தரம் எழுதினாலும் எழுதினது போதாது. லில்லி கட்டிலைப் பிடித்து நிற்கிறாள் என்றும், எதைக் கொடுத்தாலும் இடங்கையைத்தான் நீட்டுகிறாள், உன் மாமியார் அந்தக் கையைத் துணியால் சுற்றிவைக்கிறாள், நீ என்ன சொல்கிறாய் அம்மை என்றும் கேட்டிருந்தாய். மறக்கவில்லை, கடைசியில் வருகிறேன்.

உன் கடிதத்தில் இருந்த மற்றதைத்தான் முதலில் சொல்லணும். இந்தக் கிறிஸ்மஸுக்கு எனக்குச் சேலையும் வேண்டாம் பலகாரமும் வேண்டாம், ரத்னா தன் கையால் செய்தது ஏதாவது ஒன்று, எவ்வளவு சிறிசானாலும் அனுப்பு, அதைத் தொட்டுக்கொண்டு இருப்பேன் என்று எழுதியிருந்தாயே. அப்பா அதை வாசித்துவிட்டு மடக்கி வேதபுத்தகத்துக்குள் வைத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் என்றால் ஒன்றும் இல்லை மக்களே. உனக்கு நாங்கள் எழுதாமல் விட்டது இதுதான். காய்ச்சல் தொற்றும் என்று டாக்டர் சொன்னதால் அடக்கம் முடிந்த மறுநாள் அவள் பாய், துணி, பள்ளிக்கூடத்து நோட்டு, தையல் பை எல்லாவற்றையும் பின்வளவில் போட்டு எரித்தோம். மற்றவர்கள் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன், ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது நான்தான். பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்கு முன்னாலும் அவள் கைவேலை என்று எடுத்துவைக்க நான் எதையும் மிச்சம் விட்டதில்லை. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் கையால் எழுதி நான் ஒருதரம் பார்க்கணும், பொறுத்துக்கொள். பன்னிரண்டு பெண்டுகள் வீட்டில் இருந்து ரேந்தை லேஸ் பின்னிக் கொண்டுவருவதை நான் பார்த்துத் தேறினதை மட்டும் மிஷன் மிஸ்ஸியம்மாவிடம் கொடுக்கிறேன், ஒரு கண்ணி விட்டுப்போனால் நேசமணி கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லுவாள் என்று எனக்கு ஒரு பெயர். இடங்கையால் பின்னினால் வட்டம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும், கண்ணியின் சாய்வு மாறும், மற்றவர்கள் துண்டோடு சேர்த்துத் தைத்தால் அந்த ஒரு துண்டு மட்டும் விரிப்பில் முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் ரத்னா எட்டு வயசில் கொக்கி ஊசியை இடங்கையில் எடுத்தபோது முதல் நாளே தட்டினேன். பிறகு அளவுகோலால் தட்டினேன். பிறகு அந்தக் கையைப் பழந்துணியால் இடுப்போடு கட்டி உட்காரவைத்தேன், தெருப்பிள்ளைகள் பீச்சாங்கைக்காரி என்று கேலி பண்ணாமல் இருக்கவும் இது நல்லது என்று சொல்லிக்கொண்டேன். வலங்கையால் பழகினாள், மோசமாகப் பின்னினாள், நான் பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன். பதினாலு வயசில் இனி ஊசியைத் தொடமாட்டேன் என்றாள், செரி போ என்றுவிட்டேன். பதினேழு வயசில் போய்விட்டாள்.

ஆகையால் அவள் செய்தது ஒன்றும் இல்லை, நானே ஏதாவது பின்னி அனுப்புவோம் என்று எண்ணினேன். அறுபதாம் நம்பர் வெள்ளை நூலுக்குப் பழவங்காடிக்கும் சாலைக் கடைக்கும் இரண்டு தரம் நடந்தேன், கிறிஸ்மஸ் கழிந்துதான் வரும் என்றார்கள். மிஷன் நூல் வீட்டில் கிடக்கிறது, அது நிறுத்துத் தந்து நிறுத்து வாங்குகிற நூல், அதைத் தொடமாட்டேன். என்னுடைய பழைய மாதிரித் துண்டுகள் கிடக்கிற தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறதே, சின்னதில் நீங்கள் இரண்டு பேரும் இழுத்துப்போட்டு ஏறி நின்று ஜன்னல் பார்ப்பீர்களே, அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்து அந்த நூலில் உனக்குப் பின்னலாம் என்று தோன்றிற்று. அது என் பெட்டி, அதற்குள் கிடப்பதெல்லாம் என் வேலை, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அக்டோபர் பதினாலாம் தேதி வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாடு கழிந்து பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு வட்டத் துண்டு கிடந்தது, உள்ளங்கையைவிடப் பெரிசு, பால் பாத்திரத்தை மூடுகிற மூடி, காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் நீல மணி கோர்த்தது. நூல் வெளுப்பாக நல்ல பலமாக இருந்தது, இது போதும் என்று எடுத்தேன். முடிச்சைத் தேடி வெட்டி இழுத்தேன், கண்ணி கண்ணியாக விட்டுவந்தது. மணி எல்லாம் நூலில் வழுக்கி மடியில் விழுந்தது, பொறுக்கி டம்ளரில் போட்டேன். நான் நீல மணி வைத்து எதையும் முடித்ததில்லை, அப்போதே தெரிந்திருக்கணும். தெரியவில்லை. ஒன்றும் நினைக்காமல் செய்ய ஒரு சோலி கிடைத்ததே என்றுதான் இருந்தது, நூலை உருட்டிக்கொண்டே இருந்தேன், துண்டு மடியில் சுற்றிச் சுற்றிச் சிறிசாகி வந்தது. நடுவில் நாலு சுற்று மிச்சம் இருக்கும்போது அது தப்பான பக்கம் சுற்றுகிறது என்று கைக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை, கைக்குத்தான் தெரிந்தது. கெட்ட புறம் மேலே இருக்கிறதாக்கும் என்று திருப்பினேன். திருப்பினால் அதுதான் கெட்ட புறம். மறுபடி திருப்பினேன். நல்ல புறம்தான் முதலில் மேலே இருந்திருக்கிறது, சாய்வுதான் எதிர்ப்பக்கம். அந்தச் சாய்வில் பின்னுகிற கை இந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

நீ கேட்டதை, மண்ணில் மிச்சம் இருந்த ஒன்றே ஒன்றை, நான் மடியில் வைத்துப் பிரித்துவிட்டேன் சுசீலா. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அப்போதும் அழுகை வரவில்லை. ஒரு கையில் நூலுருண்டையும் ஒரு கையில் அந்த நாலு சுற்றும் வைத்துக்கொண்டு அப்பா வருகிறவரை அப்படியே இருந்தேன், அடுப்புப் பற்றவைக்கவில்லை.

மறுநாள் அடுத்த வீட்டு தாசையன் வாத்தியாரின் மகள் ராஜமணியைக் கூப்பிட்டேன், ரத்னாவோடு ஒரே பெஞ்சில் இருந்தவள், உனக்குத் தெரியுமே. துண்டைக் காட்டினதும் அவள் சொன்னாள். லில்லி பிறந்த பிறகு நீ எழுதின முதல் கடிதத்தில், இங்கே பாலை எடுத்து வைத்தால் கண்ணை மூடித் திறக்கிறதற்குள் ஈயும் எறும்பும் விழுகிறது என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டுத்தான் ரத்னா தொடங்கினாளாம். மத்தியானம் மணி அடித்ததும் பள்ளிக்கூடத்துப் புளியமரத்து மூட்டில் போய் உட்கார்ந்து இடங்கையால் பின்னுவாளாம், என்ன வேகம், பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றாள் ராஜமணி. நீல மணி ரத்னா தன் கழுத்தில் கிடந்த பாசிமாலையை அறுத்து எடுத்தது. மாலை அறுந்துபோச்சு அம்மை என்று என்னிடம் சொன்னாள், கவனம் கெட்டவள் என்று நான் ஏசினேன். கிறிஸ்மஸுக்கு அக்காளுக்கு அனுப்புகிற அன்று அம்மைக்குக் காட்டுவேன், அதுவரை ஆரிடமும் சொல்லாதே என்றாளாம். ஒளித்துவைக்க நல்ல இடம் என் பெட்டிதான், அம்மை மற்றவர்கள் வேலையைத்தான் திறந்து பார்ப்பாள், தன்னுடையதைத் திறக்கவேமாட்டாள் என்றாளாம். என்னை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அப்பா எல்லாம் கேட்டார், எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். பிறகு சொன்னார், பழையபடி பின்னிப்போடு, ரத்னா செய்தது என்று எழுதிவிடு, கடல் தாண்டி இருக்கிற பிள்ளையை இதற்காக இன்னும் ஒருதரம் அழவைக்கணுமா என்று. ஒரு எழுத்துத் தப்பாக அச்சில் போனாலே உறங்காத மனுஷன், அவர் இதைச் சொன்னார். நானும் எழுதினேன், இத்துடன் உன் தங்கச்சி உனக்காகச் செய்து வைத்திருந்த பால்மூடி என்று எழுதி உறையை ஒட்டிவிட்டேன். மூன்று நாள் அது மேசைமேல் கிடந்தது. நீயும் என்னிடம் படித்தவள்தானே, விரல் வைத்தால் கை மாறினது தெரிந்துவிடும், அதற்குப் பயப்படுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அதில்லை. ஏழாம் வகுப்புக் கைவேலைப் பரீட்சைக்கு அவள் கஷ்டப்பட்டுப் பின்னி வைத்திருந்ததை நான் பிரித்துவிட்டு நானே பின்னிக் கொடுத்தனுப்பினேன், அதற்குப் பரிசும் வந்தது, அந்தப் பரிசுப் புத்தகத்தை அவள் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அவள் பின்னினதைப் பிரித்து என்னுடையதை அவளுடையது என்று கொடுக்கிற சோலியை ஒருதரம் செய்ததே போதும். கடிதத்தை அடுப்பில் போட்டேன். அப்பா பார்த்தார், தடுக்கவில்லை.

வலங்கையால் தொடர்ந்து பார்த்தேன், அந்த நாலு சுற்றுக்கு மேல் என் கண்ணி மறுபக்கம் சாய்ந்து சண்டைக்கு நின்றது. அதனால் ஊசியை இடங்கையில் எடுத்தேன், நாற்பத்தெட்டு வயசில். முதல் நாள் ஒரு சங்கிலி வரவில்லை. ஊசி விரலுக்கிடையில் நிற்கமாட்டேன் என்கிறது, நூல் பிடிக்க வைத்த வலங்கை ஓடிவந்து ஊசியைப் பிடுங்குகிறது. இரண்டாம் நாள் கட்டைவிரலடியிலிருந்து முழங்கைவரை நொந்தது. ஜூலைக்குப் பிறகு எனக்கு ஏதாவது நொந்தது என்றால் அதுதான் முதல். எட்டு வயசுப் பிள்ளையை இந்த நோவில்தானே நான் உட்காரவைத்தேன், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வருஷம் என்று அப்போது தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய.

பிரித்த நூலைக் கழுவி இழுத்துக் கட்டிக் காயவைத்தால்தான் சுருக்கம் போய் நேராகும், எல்லாருக்கும் நான் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பது. இதை நான் கழுவவில்லை கேட்டியா. அவள் கண்ணி இருந்த இடமெல்லாம் நூல் வளைந்தே கிடந்தது. அந்த வளைவைப் பார்த்துப் பார்த்துப் பின்னினேன், இங்கே ஒரு கண்ணி, இங்கே மூன்று, இங்கே ஒன்றை விட்டுத் தாண்டியிருக்கிறாள் என்று நூலே காட்டித் தந்தது. என் கண்ணி கொஞ்சம் பெரிசானால் வளைவு தள்ளிப்போகும், உடனே பிரிப்பேன், மறுபடி போடுவேன். பதினெட்டு நாள் ஆச்சு. அவள் இறுக்கமாகப் பின்னுகிறவள் என்றே எனக்கு இப்போதுதான் தெரியும். ஒரு கண்ணி விட்டுப்போகவில்லை சுசீலா, ஓரத்தில் யாரிடமும் கேளாமல் தானே ஒரு வளைவு கண்டுபிடித்துப் போட்டிருக்கிறாள், அந்த மாதிரி என்னிடம் இல்லை. பன்னிரண்டு பேர் வேலையைப் பார்க்கிறவள் சொல்லுகிறேன், அது நல்ல வேலை. நான் முழுசாகக் கையில் வைத்திருந்தேன், பார்க்கவில்லை.

அதைத்தான் இத்துடன் ஒரு சின்னப் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். நம்முடைய திருவிதாங்கூர் அஞ்சலாபீசில் மலாயாவுக்கு எடுக்கமாட்டார்கள், அப்பா நாளை காலையில் பிரிட்டிஷ் தபாலாபீசில் கொண்டுபோய்ப் போடுவார், நாகப்பட்டணத்துக் கப்பல் பிடித்தால் கிறிஸ்மஸுக்கு முன்னே உன் கையில் இருக்கும். நடுவில் நாலு சுற்று ரத்னா, மற்றது நான். எங்கே மாறுகிறது என்று அடையாளம் வைக்கவில்லை, உன் விரல் சொல்லும். என்னுடையது கோணலாகத்தான் இருக்கிறது, தள்ளுகிற துண்டுதான், சிரிக்கணும் என்றால் சிரி. இருபத்துநாலு மணி இருந்திருக்கணும், அவள் போட்ட இடம் எண்ணினேன், டம்ளரில் இருபத்துமூன்றுதான் இருந்தது. கட்டிலை நகர்த்திப் பெருக்கியும் கிடைக்கவில்லை. அந்த ஒரு இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன், நீ வேறு மணி வைக்காதே, கிடைத்தால் நான் அனுப்புகிறேன். பெட்டியில் பூட்டி வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதே, லில்லிக்குப் பால் எடுத்து வைக்கும்போது மூடு, அதற்குத்தான் அவள் பின்னினது. அழுக்கானால் பச்சைத் தண்ணீரில் அலசு, முறுக்கிப் பிழியாதே. உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும், நீ ஏசி எழுதினாலும் நான் வாசிப்பேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, அதைத்தான் என்னால் தாங்கமுடியாது.

மருமகனுக்கும் உன் மாமியாருக்கும் எங்கள் ஸ்தோத்திரம் சொல்லு. வருகிற கிறிஸ்மஸில் உன் வீட்டில் சமாதானம் இருக்கட்டும், உன் அடுப்பு அணையாமலும் உன் பிள்ளை காய்ச்சல் காணாமலும் கர்த்தர் உங்களைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும், அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார்.

லில்லியின் கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இதை வாசித்து முடித்ததும் போய் அந்தத் துணியை அவிழ்த்துவிடு. மாமியார் ஏதாவது சொன்னால் என் அம்மை எழுதியிருக்கிறாள் என்று சொல்லு, பழி என்மேல் இருக்கட்டும். அவள் எந்தக் கையை நீட்டுகிறாளோ அந்தக் கையில் கொடு.

உன் அம்மை,
ஞா. நேசமணி